பனியன் யூனிட்டுக்கு மேல் வீடு: ஸ்பீக்கரில் ஏறும் பஞ்சுத் தூசிக்கு என்ன வழி?

நூல்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல இருந்து எழுதறேன். வீட்டுக்குக் கீழயே எங்க பனியன் யூனிட் ஓடுது. ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள்னு தையல் மெஷினுங்க, துணி வெட்டற கட்டிங் டேபிள் எல்லாம் கீழ் தளம். நாங்க குடியிருக்கிறது மாடி. உள்பக்கமாவே படி ஏறி வருது, படிக்குக் கதவு கிடையாது. துணி வெட்டறப்ப பறக்கிற பஞ்சு அப்படியே படியேறி ஹாலுக்கு வந்துருதுங்க. காலைல துடைச்சா சாயங்காலம் டிவி மேல வெள்ளையா ஒரு படலம் நிக்கும்.

டிவி, பிரிட்ஜ் எல்லாம் துணியால துடைச்சுட்டுப் போயிரலாம். எனக்குக் கவலை ஸ்பீக்கரைப் பத்தித்தான். கியூ அகூஸ்டிக்ஸ் கம்பெனியோட '3020i' மாடல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வச்சிருக்கேன். சீட்டு எடுத்த பணத்துல ஆசைப்பட்டு வாங்கினது. ஷிப்ட் முடிஞ்சு மெஷின் சத்தமெல்லாம் அடங்கின பிறகு தினமும் ராத்திரி கொஞ்ச நேரம் பாட்டுக் கேப்பேன். நாள் பூரா ஓவர்லாக் இரைச்சல்ல கிடக்கிற காதுக்கு அதுதானுங்க ஓய்வு.

முன்னால இருக்கிற கறுப்பு வலைத்துணி இப்ப சாம்பல் கலர்ல இருக்கு. கழட்டிப் பாத்தா உள்ள ட்வீட்டர், அதான் சன்னச் சத்தம் வர்ற குட்டி ஸ்பீக்கர், அது மேலயும் மெல்லிசா நார் நாரா ஒட்டியிருக்குது. பெரிய ஸ்பீக்கரைச் சுத்தி ரப்பர் வளையம் இருக்குதுங்களே, அந்தப் பள்ளத்துல பஞ்சு திரண்டு நிக்குது. பூஜை ரூம் ஹாலை ஒட்டியே இருக்கிறதால வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அதும் மேலதான் படியுது.

வீட்டுல ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. வீட்டுக்காரர், மெஷினுக்குக் காத்துப் பிடிக்கிற கம்ப்ரஸர் கன்னை ஒரு தடவை பிடிச்சா எல்லாம் பறந்துரும்னு சொல்றாரு. எங்க சித்தி பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடுங்கறாங்க. கடைல ஒருத்தர் காருக்கு அடிக்கிற பாலிஷை அடிச்சுத் துடைச்சா தூசி ஒட்டாதுன்னாரு. நான் இன்னும் எதையும் தொடலைங்க.

இன்னொண்ணு. முன்ன மாதிரி தாளச் சத்தம், வளையல் குலுங்கற மாதிரி வர்ற சன்னச் சத்தமெல்லாம் தெளிவா இல்லைன்னு தோணுது. தூசியால அப்படி ஆகுமுங்களா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மாருங்க சொல்லுங்க. ஆயுத பூஜை வருது. வருஷா வருஷம் ஸ்பீக்கரைக் கீழ யூனிட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாட்டுப் போடுவோம். அதுக்குள்ள சுத்தம் பண்ணிரலாம்னு இருக்கேன்.

ட்ரெபிள் பிரியன்:

சகோதரி, சன்னமான சத்தம் குறைந்ததற்கு அந்த வலைத்துணிதான் காரணமாக இருக்கும். நான் வலையைப் போட்டுக்கொண்டு பாட்டே கேட்பதில்லை. துணி கொஞ்சம் ட்ரெபிளை, அதாவது சன்னமான சத்தத்தை, விழுங்கும், அந்த பிரேமின் விளிம்பில் பட்டுச் சத்தம் திரும்பியும் வரும். வலையைக் கழற்றி அலமாரியில் பத்திரமாக வைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை முகத்துக்குப் பவுடர் போடும் மென்மையான பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி மெதுவாகத் தட்டிவிட்டால் போதும். என் வீடு சென்னையில் ஆறாவது மாடி, இதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. கம்ப்ரஸர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மதுரை கோன் கடை:

அம்மா, வணக்கம். எனக்கு மதுரையில ஸ்பீக்கர் ரிப்பேர் கடை. மைக் செட்காரங்க கொண்டாந்து போடுற பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர்ல இருந்து வீட்டு ஸ்பீக்கர் வரைக்கும் காயில்ங்கற கம்பிச் சுருளை மாத்துறது, கோன்ங்கற அதிருற கூம்பை ஒட்டுறதுதான் பொழப்பு. என் மேசைக்கு வர்ற வீட்டு ஸ்பீக்கர்ல தூசியால கெட்டுப் போனது கொஞ்சம். தூசி தட்டப் போயிக் கெட்டதுதான் ஏராளம். எதையும் தொடாம முதல்ல வந்து கேட்டீங்க பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கம்ப்ரஸர் பத்தி முதல்ல சொல்லிடுறேன். ஒங்க யூனிட்ல லைன் பிரஷர் ஆறு ஏழு பார் இருக்கும். மெஷின் இரும்பு, அது தாங்கும். ட்வீட்டர்ல இருக்கறது மெல்லிய துணியை மோல்டு பண்ணிச் செஞ்ச ஒரு சின்னக் குமிழ். ஒங்க ஸ்பீக்கர்ல அது 22 மில்லிமீட்டர் அகலம், அம்புட்டுத்தான். கன்னோட காத்து பட்ட அடுத்த நொடி உள்ள அமுங்கிப் போகும், இல்லேன்னா காயில் கோணிக்கும். அது போக, கம்ப்ரஸர் லைன்ல எண்ணெயும் தண்ணியும் ஆவியா கலந்துதான் வரும். காயிதக் கோன்ல அது பட்டா கறை போகாது. கம்ப்யூட்டர் தட்டுறதுக்கு டப்பாவுல விக்கிற காத்தும் வேண்டாம். டப்பாவைச் சாய்ச்சுப் பிடிச்சா உள்ள இருக்கிற திரவமே சில்லுன்னு வெளிய பீச்சும்.

தூசி எங்க போனா ஆபத்து, எங்க இருந்தா பரவாயில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்த எல்லாம் சுலபம். ஸ்பீக்கருக்குப் பின்னால காந்தம் இருக்கு. அந்தக் காந்தத்துல வட்டமா ஒரு இடுக்கு. கோனோட ஒட்டின காயில் அந்த இடுக்குக்குள்ளதான் முன்னும் பின்னும் ஓடுது. காயிலுக்கு ரெண்டு பக்கமும் மிஞ்சுற இடைவெளி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. ட்வீட்டர்ல அதையும் விடக் கம்மி. அந்த இடுக்குக்குள்ள எதுவும் போகக் கூடாதுன்னுதான் கோனுக்கு நடுவுல கிண்ணத்தைக் கவுத்தது போல ஒரு மூடி ஒட்டியிருக்காங்க. பின்னால ஸ்பைடர்னு மடிப்பு மடிப்பா ஒரு துணி அதைக் காக்குது. அதனால கோன் மேல கிடக்கிற பஞ்சைப் பாத்து நீங்க பதற வேண்டாம். அது வெளியதான் கிடக்கு. கோன்ல படிஞ்ச மெல்லிசான தூசியால சத்தம் மாறுறதை யாரும் காதால கண்டுபிடிக்க முடியாது.

பஞ்சை விட நான் பயப்படுறது இரும்புத் தூளுக்கு. ஒங்க கட்டிங் மெஷின்ல பிளேடு மழுங்கினா அதுலயே இருக்கிற எமரிங்கற சாணைப் பட்டையை இழுத்துத் தீட்டுவாங்களே, அப்ப கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் உதிரும். அது கனமானது, மாடிக்குப் பறந்து வராது. ஆனா கட்டிங் டேபிள் பக்கத்துல ஸ்பீக்கரைக் கொண்டுபோயி வச்சா, பின்னால இருக்கிற காந்தம் சும்மா இருக்குமா? பெட்டிக்குள்ள காத்துப் போற ஓட்டை வழியாவும் இழுக்கும், ட்வீட்டர் முகத்துலயும் இழுத்து ஒட்டவச்சுக்கும். ஒரு தூள் இடுக்குக்குள்ள போயிட்டா காயில்ல உரச ஆரம்பிக்கும். 'கர்ர்'னு கரகரப்பு கேக்கும். நாளாக நாளாக காயில் கம்பியோட வார்னிஷ் தேஞ்சு, ஷார்ட் ஆகும்.

அப்படி வந்த ஸ்பீக்கரை எப்படிச் சுத்தம் பண்றோம்னு சொல்றேன் கேளுங்க. ஊதினா போகாது, காந்தம் விடாது. மூடியைக் கத்தியால கீறித் திறந்து, கோனையே கழட்டி, மாஸ்கிங் டேப்பை ஒட்டுற பக்கம் வெளிய வர்ற மாதிரி அட்டைல மடிச்சு, இடுக்குக்குள்ள விட்டு விட்டுச் சுத்தி எடுக்கணும். டேப் கறுப்பு இல்லாம வெள்ளையா வெளிய வர்ற வரைக்கும் விடக் கூடாது. ஊஃபர்னு சொல்ற பெரிய ஸ்பீக்கர் ஒண்ணுக்கே பொழுது சாய்ஞ்சிரும். ட்வீட்டர்ல இதைச் செய்யறதை விடப் புதுசு மாத்துறது மேல். அதனால ஆயுத பூஜைக்கு யூனிட்ல பாட்டு வேணும்னா தெருமுனை மைக் செட்டுக்காரரைக் கூப்பிடுங்க. இந்த ஜோடி மாடியை விட்டு இறங்க வேண்டாம்.

இப்ப ட்வீட்டர். துணிக் குமிழ் ட்வீட்டர்கள்ல பலதுக்கு மேல ஒரு பூச்சு இருக்கும். அது காயவே காயாத பிசுபிசுப்புப் பூச்சு. சத்தம் சீரா வரணும்னு கம்பெனியே பூசி அனுப்புறது. தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கப் பாக்காதீங்க, விரல்ல பூச்சு வந்துரும், குமிழும் பள்ளமாகும். அதுல ஒட்டின நாரைத் துணியால துடைச்சா நாரும் போகாது, பூச்சும் திட்டுத் திட்டா வந்துரும். கேமரா லென்ஸ் ஊதுறதுக்கு ரப்பர் பந்து மாதிரி ஒண்ணு விக்குது, கையால அமுக்கினா புஸ்ஸுன்னு காத்து வரும். அதை ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டுல பிடிச்சு லேசா ஊதுங்க. பறந்தது பறக்கட்டும். பறக்காததை விட்ருங்க. நான் மனசார சொல்றேன், ஒட்டியிருக்கிற ரெண்டு நாரால ஒங்க ட்வீட்டருக்கு ஒரு கெடுதலும் கிடையாது. பிரஷ் கூட அதுல வேண்டாம். அலுமினியக் குமிழ் வச்ச ட்வீட்டரா இருந்தா இன்னும் மோசம், விரல் நகம் பட்டாலே நசுங்கும், நசுங்கினா திரும்ப எழும்பாது.

ஊஃபருக்குப் பிரஷ் போடலாம். ஈரமே படாத புது பிரஷ், முடி நீளமா மெத்துன்னு இருக்கணும். மூடி இருக்கிற நடுப்பகுதியில இருந்து ஓரத்துக்குக் கொண்டு வாங்க. வாசல்ல தெளிச்ச தண்ணியைத் தள்ளுற மாதிரி அழுத்தக் கூடாது, பிரஷ் நுனி மட்டும்தான் படணும். ஒங்களோடது காயிதக் கூழ்ல நார் சேர்த்துச் செஞ்ச கோன், அதனால தண்ணி, சோப்பு, ஸ்ப்ரே எதுவும் கூடாது. பிளாஸ்டிக் கோன் வச்சிருக்கவங்க தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுத்துக்கலாம்.

அந்த ரப்பர் வளையத்துப் பேரு சரவுண்டு. பள்ளத்துல திரண்ட பஞ்சை அதே பிரஷால சுத்திக் கொண்டு வந்து ஒரு இடத்துல சேத்து விரலால எடுத்துருங்க. இங்க ஒரு கண்டிப்பான பேச்சு: ரப்பர் மினுக்கணும்னு சொல்லித் தேங்காய் எண்ணெய், வாசலின், டயர் பாலிஷ், அந்தக் கடைக்காரர் சொன்ன கார் பாலிஷ், இதுல எதையும் பூசக் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப் போகும், ஒட்டியிருக்கிற பசையும் விட்ரும். எண்ணெய்ப் பிசுக்குல ஒங்க வீட்டுப் பஞ்சு அம்புட்டும் வந்து உக்காரும். பழைய காலத்து ஃபோம் சரவுண்டு ஸ்பீக்கர் வச்சிருக்கவங்க இதைப் படிச்சா அவங்களுக்கும் சொல்றேன், நம்ம ஊர் ஈரக் காத்துலயும் சூட்டுலயும் ஃபோம் தானா மக்கி உதிரும். பாட்டே போடாம மூடி வச்சாலும் உதிரும். அதுக்குச் சுத்தம் மருந்தில்ல, சரவுண்டு மாத்தணும், கோன் நல்லா இருந்தா அது மட்டும் மாத்திக்கலாம்.

சன்னச் சத்தம் மங்கின விஷயத்துக்கு வர்றேன். தம்பி ட்ரெபிள் பிரியன் சொன்னதுல பாதி சரி. சுத்தமான வலைத்துணி சத்தத்தைப் பெருசா மறைக்காது. ஆனா ஒங்க வலைத்துணியில பஞ்சும் சாம்பிராணிப் புகையும் சேந்து கண்ணெல்லாம் அடைச்சிருக்கும். அது திரைச்சீலை மாதிரி சன்னச் சத்தத்தைத்தான் முதல்ல பிடிக்கும். சோதிச்சுப் பாருங்க: ஒரே பாட்டை வலையோட ஒரு தடவை, வலையில்லாம ஒரு தடவை. வித்தியாசம் தெரிஞ்சா குத்தவாளி அதுதான். வித்தியாசமே இல்லேன்னா ஒவ்வொரு ட்வீட்டர் பக்கத்துலயும் காதை வச்சு, ரெண்டும் ஒரே அளவுல பேசுதான்னு கேளுங்க. ஒண்ணு மட்டும் மங்கலா இருந்தா, ஆம்ப்ளிஃபயரை, அதான் ஆம்பை, ஆஃப் பண்ணிட்டு இடது வலது ஒயரை மாத்திக் கொடுத்துப் பாருங்க. மங்கல் இடம் மாறினா ஆம்ப்லயோ ஒயர்லயோ கோளாறு. அதே ஸ்பீக்கர்லயே நின்னா ஸ்பீக்கர்லதான்.

வலையைக் கழட்டி அலமாரில வைக்கச் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. சென்னையில ஆறாவது மாடி வேற, பனியன் யூனிட்டுக்கு மேல இருக்கிற வீடு வேற. இந்த அம்மா வீட்டுக்கு வலைதான் காவல். ட்வீட்டர்ல விழ வேண்டிய பஞ்சை அது வாங்கிக்குது, அதைத் துவைக்கலாம், ட்வீட்டரைத் துவைக்க முடியாது. வலை போட்டா சத்தம் கெடும்ங்கறதும் எல்லா ஸ்பீக்கருக்கும் பொருந்தாது. 1970கள்ல பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைச்ச எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரை வலைத்துணி போட்ட நிலையிலதான் சத்தத்தைச் சரி பண்ணினாங்க. அதுல வலையை எடுத்தாத்தான் சத்தம் மாறும்.

வலையை எப்படிச் சுத்தம் பண்றதுன்னா, ஒங்க மாடல்ல காந்தம் வச்சு ஒட்டியிருக்கும், மெதுவா இழுத்தா வந்துரும். துணிக்குத் தூசி எடுக்கிற ஒட்டுற ரோலர் ஒங்க யூனிட்ல பேக்கிங் பக்கம் கண்டிப்பா இருக்கும், அதை ரெண்டு தடவை உருட்டினாலே பஞ்சு முக்கால்வாசி போயிரும். வேக்குவம் இருந்தா பிரஷ் முனை மாட்டிக் குறைஞ்ச வேகத்துல இழுக்கலாம், ஆனா வலை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளித் தரைல இருக்கணும். வேக்குவம் குழாய் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரா வரவே கூடாது. மூடி உள்வாங்கின ஸ்பீக்கரைக் கொண்டாந்து, வேக்குவம் வச்சு வெளிய இழுக்கப் பாத்தேன்னு சொல்றவங்க எத்தனையோ பேரு. கோனே கிழிஞ்சு வந்திருக்கும்.

புகைப் பிசுக்கு போகலேன்னா அலசலாம். ஆனா பின்னால திருப்பி பிரேம் பிளாஸ்டிக்கா, மரநாரை அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப் கட்டையான்னு பாத்துக்கங்க. பிளாஸ்டிக்னா வெதுவெதுப்பான தண்ணியில துளி ஷாம்பு கலந்து அலசி, நிழல்ல காய வைங்க. வெயில்ல வச்சா துணி ஒட்டின பசை இளகும். எம்டிஎஃப்னா தண்ணில முக்கவே கூடாது, உப்பிப் போயி வடிவம் கெட்டுரும். ஈரத்துணியால ஒத்தி எடுக்கிறதோட நிறுத்திக்கங்க. நல்லாக் காஞ்ச பிறகுதான் திரும்ப மாட்டணும்.

முத்துநகர்வாசி:

கோன் கடை அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. நான் முன்பக்கத்தை விட்டுட்டுப் பின்பக்கம் பத்திச் சொல்லுதேன், அதை யாரும் திரும்பிப் பார்க்கிறது இல்ல. நான் தூத்துக்குடி. வீட்டுக்குப் பின்னால உப்பளம். இங்க தூசிலயே உப்பு இருக்கு. உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால எங்க தூசி எப்பவும் லேசா நசநசன்னு இருக்கும். ஸ்பீக்கருக்குப் பின்னால ஒயர் மாட்டுத இடத்தில செம்புக் கம்பி பச்சையாக் களிம்பு பிடிச்சுப் போகும். களிம்பு ஏறினா சத்தம் வந்து வந்து போகும், ஒரு பக்கம் மங்கும். தங்கச்சி, உங்க ஸ்பீக்கர்ல சன்னச் சத்தம் மங்கலா இருக்குன்னா அதையும் ஒரு பார்வை பாத்துருங்க.

வழி ரொம்ப லேசு. ஆம்பை ஆஃப் பண்ணி, பிளக்கையும் சுவத்துல இருந்து உருவிருங்க. ஒயர் நுனி கறுத்தோ பச்சையாவோ இருந்தா அந்தத் துண்டை நறுக்கிட்டு புதுசாச் சீவி மாட்டுங்க. சுரண்டிக்கிட்டு இருக்க வேண்டாம். ஒயர் மாட்டுத டெர்மினலை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால துடைக்கலாம். அது பெட்டி மேலயோ கோன் மேலயோ சிந்தக் கூடாது. ஒயர் நுனியில மாட்டுத பனானா பிளக் போட்டுட்டா செம்பு காத்துல நிக்காது, களிம்பு தொல்லை பாதி குறையும். மாட்டும்போது ரெண்டு ஒயர் நுனியும் ஒண்ணை ஒண்ணு தொடாம பாத்துக்கங்க, ஆம்ப் போயிரும்.

அடுத்து பெட்டிக்குப் பின்னால வட்டமா ஓட்டை. அது காத்துப் போக வர, பேஸ்னு சொல்லுத கனத்த சத்தத்துக்காக வச்சது. எங்க ஊர்ல அதுக்குள்ள குளவி மண்ணைக் கொண்டாந்து கூடு கட்டிரும். பல்லி முட்டையிடும், கரப்பான் குடியிருக்கும். பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்ல பேஸ் போட்டா உள்ள என்னமோ உருளுத சத்தம் கேக்குன்னு திறந்து பாத்தோம், காஞ்ச மண் கூடு உடைஞ்சு கிடந்துச்சு. உங்க மாடலோட அந்த ஓட்டைக்குச் சொருக ஃபோம் அடைப்பான் கொடுத்திருப்பாங்க, வாங்கின அட்டைப்பெட்டிக்குள்ள தேடிப் பாருங்க. பாட்டு இல்லாத நேரத்துக்கு அதைச் சொருகி வைக்கலாம். கேக்கும்போது எடுத்துரணும், இல்லாட்டா பேஸ் குறையும். அது தொலைஞ்சு போயிருந்தா கொசுவலைத் துணியை ஓட்டை மேல இறுக்கிக் கட்டி ஓரத்தில டேப் போட்டுரலாம். பூச்சிக்குன்னு ரசகற்பூர உருண்டையை மட்டும் உள்ள போட்டுராதீங்க. நாப்தலின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிரும், உள்ள எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக்னு நமக்குத் தெரியாது.

சால்மியா தமிழன்:

குவைத்திலிருந்து எழுதுகிறேன். கோடையில் இங்கே வீசும் தூசிக் காற்று ஜன்னலை அடைத்தாலும் உள்ளே வரும். ஒரு புயலுக்குப் பிறகு மேசையில் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு நுண்ணிய மண். உங்கள் பஞ்சுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: பஞ்சு கீறாது, மண் கீறும். என் ஸ்பீக்கர் பெட்டி கண்ணாடி போல் மின்னும் கறுப்புப் பூச்சு கொண்டது. அதை முதலில் ரப்பர் ஊதுகுழாயால் ஊதி, பிறகு இறகு போல் மென்மையான பிரஷால் தட்டி, எல்லாம் முடிந்த பின்தான் மைக்ரோஃபைபர் துணியால் தொடுவேன். நேரடியாகத் துணியை வைத்தால் மணல் துணியோடு சேர்ந்து வட்ட வட்டமாகக் கோடு போட்டுவிடும். மினுக்குப் பெட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு விஷயம். ஏசி இருந்தால் அதன் காற்று ஸ்பீக்கர் மேல் நேராக விழாதபடி வையுங்கள். அறையில் மிதக்கும் தூசியெல்லாம் அந்தக் காற்றோடு அங்கே போய்தான் படியும். ஏசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் ஹாலிலேயே தூசி குறைவது தெரியும். இன்னொன்று, படிக்கட்டுக்கு ஒரு கதவு போட முடியாவிட்டால் கடைகளில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பட்டைத் திரையாவது போடுங்கள். வருகிற வழியை அடைக்காமல் ஸ்பீக்கரை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது. உங்கள் நெஞ்சுக்கும் அது நல்லது சகோதரி, நாள் முழுக்க அந்தப் பஞ்சைத்தானே சுவாசிக்கிறீர்கள்.

நூல்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கோன் கடை அண்ணா சொன்ன மாதிரி வலையோடயும் வலையில்லாமயும் போட்டுப் பாத்தேன். அம்மாடி, அவ்வளவு வித்தியாசம்! வலைல தானுங்க அடைச்சிருக்கு. ரோலர் உருட்டினதுல கறுப்புத் துணி மறுபடி கறுப்பாத் தெரியுது. ஒயர் நுனி எல்லாம் பளிச்சுன்னு இருக்கு, களிம்பு இல்லைங்க. ஃபோம் அடைப்பானும் பெட்டிக்குள்ளயே பிரிக்காம இருந்துச்சு. படிக்குப் பட்டைத் திரை போடறதுக்கு வீட்டுக்காரர் சரின்னுட்டாரு, குவைத் அண்ணன் நெஞ்சைப் பத்திச் சொன்னது அவருக்கும் உறைச்சிருச்சு.

ரெண்டு கேள்வி பாக்கி. சித்தி சொன்ன பெட்ஷீட் மூடி போடலாமுங்களா? அப்புறம் எங்க யூனிட்ல ஸ்போர்ட்ஸ் டீஷர்ட்டுக்கு வர்ற பாலியஸ்டர் மெஷ் துணி கட் பீஸ் நிறைய கிடக்குது. அதுல ஒரு ஜோடி வலையும், மூடி வைக்க ஒரு உறையும் நானே தச்சுக்கலாமான்னு யோசிக்கிறேன். சரியா வருமுங்களா?

மதுரை கோன் கடை:

பெட்ஷீட் வேண்டாம்மா. பழைய காட்டன் துணி தானே பஞ்சை உதிர்க்கும், ஒங்களுக்கு அது தெரியாததா. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம். மழைக்காலத்துல உள்ள ஈரம் தங்கி காயிதக் கோன்ல பூஞ்சை பிடிக்கும். நைலான் டஃபேட்டாவோ, நெருக்கமா நெய்த பாலியஸ்டர் லைனிங் துணியோ எடுத்து, மேல இருந்து கவுக்குற மாதிரி ஒரு உறை தைங்க. பெட்டியை விட நாலு பக்கமும் ரெண்டு விரல் தாராளம் இருக்கட்டும், கீழ எலாஸ்டிக் வேண்டாம், காத்து போகணும். காலைல மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது மாட்டி, ராத்திரி பாட்டுக் கேக்கும்போது கழட்டுங்க. கழட்டும்போது தூசி படிஞ்ச பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு எடுத்துட்டுப் போயி வெளிய உதறணும், ஹால்லயே உதறினா திரும்ப அங்கயேதான் உக்காரும். பாட்டு ஓடும்போது உறை இருக்கக் கூடாது, ஆம்புக்கு மேல எப்பவுமே எந்தத் துணியும் போடக் கூடாது, சூடு வெளிய போக வழியில்லாமப் போயிரும்.

மெஷ் துணியில வலை தைக்கிறது நல்ல யோசனை. பாலியஸ்டர் மெஷ் பஞ்சு உதிர்க்காது, துவைச்சாலும் சுருங்காது. சோதனை ஒண்ணுதான். துணியை ஒத்தையா வாயில வச்சு ஊதுங்க. வெறும் காத்துல ஊதுற மாதிரியே தடையில்லாம போச்சுன்னா அது ஸ்பீக்கருக்கு ஆகும். கொஞ்சம் முட்டினாலும் வேண்டாம். டபுளா மடிச்சுத் தைக்காதீங்க. கம்பெனி வலையைப் பிரிச்சு அதுல ஒட்ட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். தச்சதை அதுக்கு மேல தலையணை உறை மாதிரி மாட்டிக்கிட்டீங்கன்னா, பஞ்சு ஒங்க துணியில தங்கும், வாரம் ஒரு தடவை உருவி அலசிட்டு மாட்டிரலாம். ரெண்டு ஜோடி தச்சு வச்சுக்கங்க, ஒண்ணு காயும்போது ஒண்ணு இருக்கும். மாட்டின பிறகு, இப்பப் பண்ணீங்களே அதே மாதிரி மாத்தி மாத்திப் போட்டுக் கேளுங்க. ஒங்க காது இப்ப நல்லாப் பழகியிருக்கு, மங்கினா ஒங்களுக்கே தெரிஞ்சிரும்.

பெட்டிக்கு வெளிய இருக்கிற சாம்பிராணிப் பிசுக்குக்கு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு துளி ஒரு கிண்ணம் தண்ணியில விட்டு, துணியை நனைச்சுச் சொட்டாம பிழிஞ்சு துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஒத்திருங்க. கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயை நேரா அடிக்காதீங்க, மூலையில பெட்டி மேல ஒட்டின ஸ்டிக்கர் சேருற இடத்துல ஈரம் உள்ள இறங்குனா உள்ள இருக்கிற எம்டிஎஃப் உப்பிரும். சாம்பிராணி போடும்போது உறையை மாட்டிட்டுப் போடுங்க. வலைத்துணியில அதுக்கப்புறம் புகை அவ்வளவா ஏறாது.